முட்டை அட்டையும் மூன்று விநாடி முழக்கமும்

பாட்டுக் கேட்க வீட்டில் ஓர் அறையை ஒதுக்கியதும் சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். கையில் காசிருந்தால் அதே மேடுபள்ளத்தோடு ஓர் அங்குல ஃபோம். ஸ்டூடியோவின் சுவர் வந்துவிட்டால் ஸ்டூடியோவின் ஒலியும் கூடவே வந்துவிடுமாம். ஒலியை உறிஞ்சுவதில் மேடுபள்ளத்துக்குப் பெரிய பங்கில்லை, பருமனுக்குத்தான் பங்கு. இழைகளுக்குள் புகுந்த காற்று உராய்ந்து வேகமிழக்கும்போதுதான் ஒலி வெப்பமாகிக் கரைகிறது. அது நன்றாக நடக்க, பொருளின் பருமன் ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கை நெருங்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் எட்டரை சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸுக்கோ 85 சென்டிமீட்டர். மெல்லிய அட்டை உச்சத் தொனிகளை மட்டும் தின்றுவிட்டுக் கீழ்த்தொனிகளை விட்டுவிடுகிறது. தம்புராவின் மினுக்கமும் மிருதங்க வலந்தலையின் கூர்மையும் மங்குகின்றன. தொப்பியின் முழக்கம் அப்படியே நிற்கிறது. ஒட்டிய பிறகு கை தட்டினால் எதிரொலி குறைந்திருக்கிறதே என்பார்கள். குறைந்திருக்கும். கைதட்டலில் மேல்தொனிகளே மிகுதி. அட்டைக்குச் சாதகமான பரீட்சை அது.

1895-இல் ஹார்வர்டில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை அறையைச் சீராக்கச் சொன்னபோது, இயற்பியலாளர் வாலஸ் ஸபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கித்தான் அளந்தார். சுமார் ஐந்தரை விநாடி நீடித்த முழக்கம் மெத்தை கூடக்கூடக் குறைந்தது. திறந்த ஜன்னலையே அவர் அளவுகோலாக்கினார். அதன் வழியே போன ஒலி திரும்புவதில்லை. அந்த அளவீடுகளிலிருந்து அவர் வகுத்த சூத்திரத்தை, சிமெண்ட் பூச்சும் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் கொண்ட 12-க்கு 10 அடி வெற்றறையில் போட்டால், முழக்கம் ஏறக்குறைய மூன்று விநாடி. அதை அரை விநாடிக்குள் கொண்டுவர சுமார் 11 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்கு ஈடான உறிஞ்சல் தேவை. கனத்த சோஃபா, இலவம்பஞ்சு மெத்தை, ஜமக்காளத்தின்மேல் தடித்த கம்பளம், சுவரிலிருந்து தள்ளி மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை: வீட்டுச் சாமான்களே இதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் ஒலி சிதறியும் போகும்.

ஸ்டூடியோக்காரர்களும் ஃபோம் ஒட்டுகிறார்களே? ஒட்டுகிறார்கள், ஆனால் மூலைகளில் அடிக்கணக்கான பருமனில் கனிமக் கம்பளியும் அதன் பின்னே காற்றிடைவெளியும் வைத்துக்கொண்டு. அவை துணியுறைக்குள் மறைந்திருப்பதால் ஸ்டூடியோப் படங்களில் தெரிவதில்லை. அண்டை வீட்டுக்குச் சத்தம் போகாமலிருக்கத்தான் அட்டை என்போரும் உண்டு. சத்தத்தைத் தடுப்பது சுவரின் எடை. முட்டை அட்டைக்கு ஏது எடை? போதாதற்கு, தீத்தடுப்பு இல்லாத ஃபோம் எளிதில் பற்றும். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘தி ஸ்டேஷன்’ கேளிக்கை விடுதியில் சுவர் ஃபோமில் வாணப்பொறி பட்டு 100 பேர் மாண்டார்கள்.

மெத்தையும் கம்பளமும் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸை ஒட்டி எழும் குமுறலுக்குத் துணி எதுவும் போதாது. அந்தக் குமுறலின் அழுத்தம் சுவரோரத்தில்தான் உச்சம். பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கும் நாற்காலியை மூன்றடி முன்னே இழுத்துப் போட்டால் அதில் கணிசமான பகுதி தணியும், செலவும் இல்லை.