பெரியவர் சொன்னால் எண் கேட்குமா?

"அவ்வளவு பெரியவர் சொன்னது தப்பாகுமா?" என்று கேட்கின்றவர்களுக்கு நாம் இன்று ஓர் எண்ணையே பதிலாகக் கொடுக்கின்றோம். அது 4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

இது வந்த வழியைப் பாருங்கள். 2-ஐ 2-ஆல் பெருக்கினால் 4; 4-ஐ 4-ஆல் பெருக்கினால் 16; அப்படியே 256; பிறகு 65536. இந்த ஐந்தோடும் ஒவ்வொன்று கூட்டினால் 3, 5, 17, 257, 65537. இவை ஐந்தும் பகா எண்கள். அதாவது ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாதவை. பிரஞ்சு தேசத்துக் கணித மேதாவியான பெர்மா என்பவர், இவ்வரிசையில் வருவன எல்லாமே பகா எண்கள்தான் என்று தாம் நம்புவதாக 1640-ல் எழுதினார். ருஜு தம்மிடமில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அது அவருடைய யோக்கியதை.

நிற்க, 65536-ஐ அதனாலேயே பெருக்கி ஒன்று கூட்டினால் வருகிற ஆறாவது எண்தான் நமது எண். "ஐந்து சரியாயிருக்க ஆறாவது மாத்திரம் கெட்டுப்போகுமா? அதுவும் பெர்மா சொல்லியிருக்க?" என்று கேட்டு உட்கார்ந்துவிடுவது சுலபம். ஆய்லர் என்னும் 25 வயது வாலிபர் அப்படி உட்காரவில்லை. 1732-ல், இவ்வெண் 641-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது என்று காட்டிவிட்டார்!

"இவ்வளவு பெரிய எண்ணை வகுத்துப் பார்க்க ஆயுள் போதுமா?" என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். அறிவை உபயோகித்தால் போதும். இவ்வெண்ணை வகுக்கக்கூடிய பகா எண் எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரவேண்டும். அத்தகைய பகா எண்கள் வரிசையாக 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே குட்டு வெளிப்பட்டுவிடுகிறது! இந்த ஐந்து கணக்குக்காக ஒரு நம்பிக்கை 92 வருஷம் காத்திருந்தது.

அதோடு நிற்கவில்லை. ஆறாவதிலிருந்து அடுத்தடுத்து 28 எண்கள் பகா எண்களல்ல என்று இன்று ருஜுவாகிவிட்டது. முதல் ஐந்துக்கு மேல் ஒரு பகா எண்கூட இவ்வரிசையில் இதுவரை அகப்படவில்லை. ஆனால், இனி அகப்படவே அகப்படாது என்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்லவும் ருஜு வேண்டும். பெர்மாவுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

ஆகவே தோழர்களே! ஐந்து தரம் சரியாயிருந்தது என்பது ஆறாவதுக்குச் சாட்சியல்ல. சொன்னவர் பெரியவர் என்பதும் சாட்சியல்ல. அவர் பெருமை அவருக்கு, கணக்கு நமக்கு.

நாம் சொல்லுவதையும் நம்பவேண்டாம். ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து 6700417-ஐ 641-ஆல் பெருக்கிப் பாருங்கள். அறுநூறு தரம் 4020250200. நாற்பது தரம் 268016680. ஒரு தரம் 6700417. மூன்றையும் கூட்டுங்கள். வருகிற விடை நாம் முதலில் சொன்ன எண்ணாக இல்லாவிட்டால், இப்பத்திரிகையைக் கிழித்தெறியுங்கள்.