கசப்பை முன்கூட்டிச் சொன்ன கட்சி

மாஜினி என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. அந்த இத்தாலிய தேசபக்தரின் சபதத்தை மகாகவி பாரதியார் கவிதையாகவே நமக்குத் தந்திருக்கிறார். அவருடைய கொள்கை வழியில் 1895-ல் தொடங்கப்பட்டது இத்தாலியக் குடியரசுக் கட்சி. வாக்கு பலத்தில் அது என்றும் சிறிய கட்சிதான். ஆனாலும் வணிகர்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய ஒரு செய்தி அதன் வரலாற்றில் உண்டு.

மன்னராட்சி கூடாது என்பது அதன் முதல் கொள்கை. இரண்டாம் உலகப் போரின் முடிவில், மன்னர் பெயரால் நடந்த அரசுகளில் சேர மறுத்து வெளியே நின்றது. 1946 ஜூன் 2-ல் நடந்த வாக்கெடுப்பில் குடியரசுக்குச் சுமார் 1 கோடியே 27 லட்சம் பேரும், மன்னராட்சிக்குச் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேரும் வாக்களித்தனர். அதன் பின்னரே அக்கட்சி அமைச்சரவையில் இடம்பெற்றது.

சமூகச் சீர்திருத்தத்திலும் மாஜினி தனிவழி கண்டவர். வர்க்கப் போராட்டத்தை அவர் ஏற்கவில்லை. கடவுள் நம்பிக்கை, குடும்பம், கல்வி, கூட்டுறவு ஆகியவற்றால் ஏழைகள் உயர வேண்டும் என்றார். உரிமை கேட்பவன் கடமையும் செய்ய வேண்டும் என்பதே அவர் போதனையின் சாரம்.

இந்தக் கடமைப் பேச்சு 1984-ல் கடை வாசலுக்கே வந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் அக்கட்சியின் புரூனோ விசென்டினி. ஒலிவெட்டி கம்பெனியின் தலைவராக இருந்தவர். சம்பளக்காரருக்கு வரி பிடித்தம் போகத்தான் சம்பளம் கைக்கு வருகிறது. கடைக்காரர்களில் பலரோ அவர்களைவிடக் குறைந்த வருமானம் காட்டுகிறார்கள் என்பது அவர் தரப்பு வாதம். எளிய கணக்கு மட்டும் வைத்திருப்போருக்குச் செலவில் இத்தனை சதவீதமே கழிவு என்று நிர்ணயிக்கவும், கடையின் அளவு, இருக்கும் இடம், வேலையாட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து வருமானத்தை உத்தேசமாக மதிப்பிடவும் வழி செய்தார். 1984 அக்டோபரில் நாடெங்கும் வணிகர்கள் கடையடைத்தனர். கட்சி பின்வாங்கவில்லை. 1985 பிப்ரவரியில் சட்டம் நிறைவேறியது.

நம் கருத்து என்ன? உத்தேச மதிப்பீட்டை நாம் ஒருக்காலும் ஆதரிக்க முடியாது. கடை பெரிதாக இருப்பதாலேயே லாபமும் பெரிதாகிவிடாது. முக்கியச் சாலையில் கடை போட்டவன் வாடகைக்கே உழைத்துக்கொண்டிருக்கலாம். உள்ளதைக் காட்டியவனையும் மறைத்தவனையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. அந்தக் கடையடைப்பில் நியாயம் இருந்தது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு வாசலும் திறந்திருந்தது. முழுமையான கணக்கு வைக்க முன்வந்தவர் அம்முறைக்கு மாறிக்கொள்ளலாம். நாள்வழியும் பேரேடும் சரியாக இருந்தால் அதிகாரியின் உத்தேசத்துக்கு வேலை குறைவு. கணக்குப் புத்தகமே வணிகனின் கவசம்.

அக்கட்சி 1983 தேர்தலில் சுமார் 5 சதவீத வாக்குப் பெற்றது. 1987-ல் அது 4 சதவீதத்துக்கும் கீழே போயிற்று. இதற்கு வரிச் சட்டம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கசப்பான பேச்சுக்கு ஓட்டு விழாது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே சொன்னார்கள்.

தேர்தலுக்கு முன் மாலையும் சால்வையுமாக வந்து, 'வரியைக் குறைப்போம்' என்று கூறிவிட்டுப் பின்னர் மறப்பவரைவிட, 'இன்ன வரி, இன்ன காரணம்' என்று நேரில் சொல்பவரோடு வாதாடுவது எளிது. அவரிடம் முறையை மாற்றும்படி கேட்கலாம், திருத்தம் தரலாம். இனிக்கப் பேசுபவரிடம் எதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது?

எனவே வணிகப் பெருமக்களே, ஓட்டுக் கேட்டு வரும் எந்தக் கட்சியிடமும், சலுகை என்ன என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தச் சலுகைக்குரிய பணம் எங்கிருந்து வரும் என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்கும் தகுதி நமக்கு வேண்டுமானால், முதலில் நம் கல்லாவும் நம் கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.