படுக்க ஓர் இடம் கேட்டோம்!



நோய் வந்தால் மருத்துவமனை உண்டு, மருந்து உண்டு, வைத்தியரும் உண்டு. ஆனால் நோயாளியோடு பட்டணத்துக்குப் போகிற ஏழை இரவில் எங்கே தலை சாய்ப்பது? இந்தக் கேள்விக்கு நமக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியோடு ஓர் இரவைக் கழித்துவிட்டு வந்தே இதை எழுதுகிறோம்.

பண்டார் பாரு வட்டாரத்தில் நம் தோட்டத்துப் பால்வெட்டுத் தோழர் ஒருவருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. கிரியான் ஆற்றுப் பாலம் கடந்து பாரிட் புந்தாரில் ரயிலேறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, கப்பலில் பினாங்குக்குப் போய் அவரை அரசாங்க மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் மீண்டும் அங்கே இருந்தாக வேண்டும். தோட்டத்துக்குத் திரும்பிப் போய் வர நேரமில்லை. தோழரின் மூத்த மகன், பதினெட்டு வயதுப் பிள்ளை, கைத்தொலைபேசியில் தேடி மலிவான தங்கும் விடுதி ஒன்றைப் பிடித்தான். படத்தில் வெள்ளை விரிப்பு, சன்னல், சன்னலோரம் பூந்தொட்டி! கட்டிலுக்கு 35 வெள்ளி. இருவருக்கும் 70 வெள்ளியை அங்கேயே கட்டிவிட்டான்.

70 வெள்ளி என்றால் நமக்கு என்ன? 2025 பிப்ரவரி முதல் அரசாங்கம் நடைமுறைப்படுத்திய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலைக்குக் கணக்குப் போட்டால் நாள் ஒன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆக, ஒரு தொழிலாளி பொழுது விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் ஓடி, பால் எடுத்து நிறுத்துப் போட்டு ஈட்டும் முழு நாள் கூலி, இருவர் ஓர் இரவு கண் மூடுவதற்குக் கூடப் போதவில்லை!

போய்ச் சேர்ந்தோம். பழைய கடைவீட்டின் மாடி. துவாலைக்குத் தலைக்கு 3 வெள்ளி, சாவிக்கு முன்பணம் 20 வெள்ளி என்று கேட்டார்கள், கொடுத்தோம். அறையில் சன்னல் இல்லை. நடுவே பலகை அடித்துத் தடுத்து ஒரு கூடத்தை இரண்டு அறையாக்கியிருந்தார்கள். நம் அறையில் இரட்டை அடுக்குக் கட்டில் ஏழு. பதினான்கு பேர்! மெத்தை இரண்டு விரல் கனம். பையைப் பூட்டி வைக்கப் பெட்டி கிடையாது. மருத்துவமனைக் கடுதாசிகளையும் பணத்தையும் மடியில் கட்டிக்கொண்டே படுத்தோம். இரண்டு அறைக்கும் சேர்த்து, இருபத்தெட்டுப் பேருக்கு, ஒரே குளியலறை. நள்ளிரவில் மூட்டைப்பூச்சி தன் வேலையைத் தொடங்கியது. முறையிடக் கீழே இறங்கினால் அலுவல் மேசையில் ஆள் இல்லை. சுவரில் ஒரு தொலைபேசி எண் மட்டும் ஒட்டியிருந்தது. அழைத்தோம்; எடுப்பாரில்லை. நாமும் பிள்ளையும் அஞ்சடியில் உட்கார்ந்தே விடியலைப் பார்த்தோம்.

இந்த நிலை எப்படி வந்தது? ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் ஒரு காலத்தில் தட்டானும் தையற்காரனும் சுமைகூலிக்காரனும் மலிவு வாடகைக்குக் குடியிருந்தார்கள். அவர்களைக் காத்து நின்றது 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் காப்பு போயிற்று, வாடகை ஏறிற்று, குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ அந்நகருக்கு உலகப் பாரம்பரியத் தகுதி அளித்தது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் கடைவீடுகள் காப்பிக் கடைகளாகவும் விடுதிகளாகவும் மாறின. ஓர் அறையில் ஒரு குடும்பத்தை வைத்தால் ஒரு வாடகை. பதினான்கு கட்டிலை வைத்தால் பதினான்கு வாடகை! கணக்குத் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். எல்லா விடுதியும் அப்படி என்று நாம் பழி சுமத்தவில்லை. நேர்மையாக நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் நல்லது எது, கெட்டது எது என்று தோட்டத்திலிருந்து போகிறவனுக்கு யார் சொல்வது?

காசைக் கொடுத்து ஏமாந்தவன் வாயை மூடிக்கொண்டு வர வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போட 5 வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதையும், படத்தில் காட்டியதையும், கண்ணால் கண்டதையும் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். 1969 முதல் இயங்கி வரும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே முறையிடலாம். பிள்ளையின் ரசீது நம் கையில் இருக்கிறது. நாம் சும்மா விடப் போவதில்லை.

ஆனால், தோழர்களே, நாம் எழுத வந்தது இதோடு முடியவில்லை.

அஞ்சடியில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பிள்ளை மெல்லக் கேட்டான்: “கிராணி ஐயா, நம்ம தோட்டத்துல வங்காளத் தம்பிங்க தங்கியிருக்கிற கொட்டகையும் இப்படித்தானே இருக்கு?”

நமக்குச் சுரீரென்றது. ஆறு மாதத்துக்கு முன் அந்தத் தம்பிகள் நம்மிடம் வந்து, குளியலறை போதவில்லை, மெத்தை கிழிந்துவிட்டது, பெட்டிக்குப் பூட்டில்லை என்று முறையிட்டார்கள். “பார்க்கலாம்” என்று சொல்லி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தோம். எழுதியதோடு சரி! நமக்கு ஓர் இரவு. விடிந்ததும் எழுந்து வந்துவிட்டோம். அவர்களுக்கோ அதுவே வீடு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், முதலில் தோட்டங்களையும் சுரங்கங்களையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. அதன் விதிகள் என்ன சொல்கின்றன? பலர் சேர்ந்து தூங்கும் கூடத்தில் ஆளுக்கு 3 சதுர மீட்டர் இடம், 4 அங்குலத்துக்குக் குறையாத மெத்தை, தலையணை, போர்வை, பூட்டுள்ள அலமாரி, அடுக்குக் கட்டில்களுக்கு நடுவே 0.7 மீட்டர் இடைவெளி. 15 பேருக்கு ஒரு குளியலறை, ஒரு கழிவறை.

நாம் படுத்த அறையைப் பிள்ளை காலடியால் அளந்தான்: 14 அடிக்கு 16 அடி. பதினான்கு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர். தொழிலாளிக்குச் சட்டம் விதித்த அளவில் பாதிதான், காசு கொடுத்துப் படுத்தவனுக்குக் கிடைத்தது! அந்தச் சட்டம் சுற்றுலா விடுதிக்குச் செல்லாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் நம் தோட்டத்துக் கொட்டகைக்கு அது செல்லும். அங்கே அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தவர் யார்? விடுதிக்காரரைத் திட்டிய அதே வாயால் நம்மையும் திட்டிக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் பாட்டன்மாரைத் தொற்று நோய்க்குப் பயந்து ஜெரஜாக் தீவில் அடைத்து வைத்தார்கள். இந்த மண் அவர்களுக்குத் தந்த முதல் படுக்கை அதுதான். அந்தப் பரம்பரையில் வந்த நாம், பின்னால் வந்தவனை எப்படிப் படுக்க வைத்திருக்கிறோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டாமா?

ஆகவே, நம் கிளைகளுக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். முதலாவது, ஒவ்வொரு கிளையும் இருவரை நியமித்துத் தன் தோட்டத்து லயங்களையும் வெளிநாட்டுத் தோழர் கொட்டகைகளையும் அளந்து, குறைகளை எழுத்தில் நிர்வாகத்துக்குக் கொடுக்க வேண்டும்; சரிசெய்யாவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும். இரண்டாவது, மருத்துவமனைக்கு அருகிலுள்ள நல்ல விடுதிகளை நேரில் பார்த்துப் பட்டியல் தயாரித்து, சங்க அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். மூன்றாவது, நோயாளியுடன் செல்பவருக்குத் தங்கும் படி வேண்டும் என்பதை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். 1960இல் சம்பந்தனார் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள். மறு ஆண்டே நம் கெடா மாநிலத்து புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் கைக்கு வந்தது. தோட்டத்தையே வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, பட்டணத்தில் மானத்தோடு படுக்க ஓர் இடம் தேடிக்கொள்ள முடியாதா?

தோழருக்குக் கண் தெளிந்துவிட்டது. நமக்கும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. வருகிற ஞாயிறு, அளவு நாடாவோடு கொட்டகைக்குப் போகிறோம். அந்தப் பிள்ளையும் வருகிறான்.