பொம்மைப் படைவீரனும் புனித செபஸ்தியாரும்

ஜவ்வாது மலையில் உள்ள நம் பங்கில், இவ்வாண்டு சனவரி 20ஆம் நாள் புனித செபஸ்தியார் திருவிழாவன்று, ஒரு சாண் உயரமே உள்ள சுரூபம் ஒன்று கைச்சப்பரத்தில் ஏறியது. பெரிய தேர் போகமுடியாத குக்கிராமங்களுக்கு, சாமைக் கொல்லைகளின் ஊடே செல்லும் ஒற்றையடிப் பாதையில், இருவர் அதைத் தோளில் சுமந்து சென்றனர். அடுத்த வாரமே ஒரு விண்ணப்பம் நம் கைக்கு வந்தது. கடையில் வாங்கிய பொம்மையைப் புனிதராக்கலாமா? உரோமைப் படைவீரருக்கு மலையாளிக் கொண்டை எதற்கு? அடுத்த ஆண்டு நகரத்திலிருந்து முறையான சுரூபம் ஒன்றை நாங்களே வாங்கித் தருகிறோம். இதை அகற்றிவிடுங்கள் என்பது அதன் சாரம்.

கையெழுத்திட்டவர்கள் நல்லவர்கள், கோவிலுக்காக உழைப்பவர்கள். ஆயினும் அவர்கள் சொல்வது தவறு என்றே நாம் கருதுகிறோம். இதை அவர்களிடம் நேரில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் "முறையான சுரூபம்" என்ற இந்த மயக்கம் நம் பங்கோடு நிற்பதன்று. ஆகவேதான் பொதுநிலையினர் அனைவரும் படிக்கும் இப்பக்கங்களில் எழுதத் துணிந்தோம்.

கை செய்த வேலை

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். உயிர்ப்புப் பெருவிழாக் காட்சிக்கென நாம் வாங்கியிருந்த பிளாஸ்டர் உருவங்களில் கல்லறைக் காவலர் இருவர் உண்டு. மழைக்காலத்தில் ஒருவர் அலமாரியிலிருந்து விழுந்து, வலக்கையையும் ஈட்டியையும் இழந்தார். குப்பைக்குப் போகவிருந்த அந்த உருவத்தைக் கேட்டு வாங்கிச் சென்றவர், சமவெளியில் ஒரு பொம்மைப் பட்டறையில் ஈராண்டு வேலை பார்த்துத் திரும்பிய நம் பங்கு இளைஞர்.

உடைந்த தோளை அவர் சமமாக அறுத்தார். துளையிட்டுக் கம்பி செருகினார். எம்-சீல் பசையைப் பிசைந்து கம்பியின்மேல் அப்பி, அது இறுகுமுன் நனைத்த ஊசிமுனையால் முழங்கையையும் விரல்களையும் வடித்தார். தலைக்கவசத்தை அரத்தால் தேய்த்தெடுத்து, அவ்விடத்தில் முடிக்கொண்டை ஒன்றை வைத்தார். மார்புக் கவசம் உப்புத்தாளில் கரைந்து வெற்று மார்பாயிற்று. மூங்கில் சிம்புகள் அம்புகளாகி அந்த மார்பிலும் தொடையிலும் தைத்தன. ஒரு சாண் உருவத்தில் நெல்மணியளவு பசை கூடினாலும் தசை வீக்கமாகிவிடும். கண்ணில் ஒரு மயிரிழை பிசகினால் முகம் கெட்டுவிடும். மூன்று முறை சுரண்டியெடுத்து நான்காம் முறை முகத்தை எழுதினார். காவலனின் இடையில் இருந்த வாள் மட்டும் இப்போது உறையோடு பாதத்தருகே கிடக்கிறது.

"இந்தச் சாயல் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டோம். "எங்கக் கொல்லை மேட்டுல நிக்கிற கல்லப் பாத்துத்தான் சாமி" என்றார்.

மலையடிவாரத்து வீரர்கள்

அந்தக் கல் எது என்பதை நம்மில் பலர் அறியோம். தினமும் அதைக் கடந்து சென்றாலும் அறியோம். அது நடுகல். ஜவ்வாது மலையும், அதன் அடிவாரத்துச் செங்கம் பகுதியும் தமிழகத்தில் நடுகற்கள் மிகுந்த நிலம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் "செங்கம் நடுகற்கள்" என்ற நூலையே வெளியிட்டது. பல்லவர் காலம் தொட்டு வட்டெழுத்தில் பொறித்த கற்கள் அதில் உள்ளன. மலைமேல் நின்ற கற்கள் பலவற்றை அண்மை ஆண்டுகளில் தேடிக் கண்டு உலகுக்குச் சொன்னவர்களுள் நம் சலேசியத் தந்தையரின் திருப்பத்தூர்த் தூய நெஞ்சக் கல்லூரியைச் சார்ந்த தமிழ்ப் பேராசிரியரும் உண்டு என்பது நாம் பெருமை கொள்ளவேண்டிய செய்தி.

இக்கற்களில் வீரனின் கால்கள் பக்கவாட்டில் நடக்கும். மார்பு நம்மை நோக்கி நிற்கும். ஒரு கையில் வில், மறு கையில் வாள், தலையில் கொண்டை. பலவற்றில் உடலில் அம்புகள் தைத்திருக்கும். காலருகே கெண்டியும் சிமிழும் இருக்கும். எழுத்து சுருக்கமானது: இன்ன மன்னனுக்கு இத்தனையாம் ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான். தொறு என்பது ஆநிரை. பட்டான் என்பது வீழ்ந்தான். செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. எருமை மந்தைக்காகப் பட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்ளரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயையும் அது பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. அரசர்கள் கோவில் எழுப்பிய காலத்திலேயே, மாடு காத்தவனுக்கும் அவன் நாய்க்கும் கல் எழுப்பிய மக்கள் இவர்கள்.

அதுவும் மனம்போன போக்கில் நட்டதன்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. கல்லைத் தேடிக் காண்பது முதல் நாட்டி வாழ்த்துவது வரை ஓர் ஒழுங்கு. மறைந்தவனை மறவாதிருக்க ஒரு சமுதாயம் வகுத்துக்கொண்ட வழிபாட்டு முறை என்றே அதைச் சொல்லலாம். அம்பு தைத்த வீரனை ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் கண்டு பழகிய மண்ணின் மகன், அம்பு தைத்த செபஸ்தியாரை வேறு எந்தச் சாயலில் காண்பான்?

முறையான சுரூபம் எது?

"உரோமை வீரர் இப்படியா இருந்தார்?" என்று கேட்பவர்களுக்கு நாம் ஒரு கேள்வி வைக்கிறோம். நீங்கள் வாங்கித் தரவிருக்கும் சுரூபத்தைப்போல மட்டும் இருந்தாரா?

செபஸ்தியார் தியோக்கிளேசியன் காலத்து வேதசாட்சி. சனவரி 20இல் அவரை நினைவுகூரும் வழக்கத்தைக் கி.பி. 354ஆம் ஆண்டின் உரோமை நாள்காட்டியே காட்டுகிறது. மிலான் நகரத்தவர் என்று புனித அம்புரோசியார் குறிப்பிடுகிறார். அம்புகளால் அவர் சாகவில்லை. ஐரீன் என்ற கைம்பெண் காயங்களை ஆற்ற, எழுந்து சென்று பேரரசனையே கண்டித்து, பின்னர் தடியடியால் உயிர்நீத்தார் என்பது மரபு. உரோமையில் சங்கிலிப் பேதுரு ஆலயத்தில் ஏழாம் நூற்றாண்டுக் கற்பதிகை ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் அவர் நரைத்த தாடியோடு, அரசவை உடையோடு, கையில் மணிமுடி ஏந்தி நிற்கிறார். அம்புமில்லை, மரமுமில்லை. ஆடை களைந்து மரத்தில் கட்டப்பட்ட அழகிய இளைஞராக அவரை மாற்றிப் பரப்பியவர்கள், பல நூற்றாண்டுகளுக்குப் பின்வந்த ஐரோப்பிய ஓவியர்கள். நகரத்துக் கடையில் விற்பது அவர்கள் செய்த மாற்றத்தின் நகல். அவர்கள் மாற்றினால் மரபு, ஜவ்வாது மலை இளைஞர் மாற்றினால் மீறல் என்பது என்ன நியாயம்?

நம் இளைஞர் அறுத்த அந்தக் காவலன் பொம்மையும் வரலாறு அன்று. அவன் அணிந்திருந்தது திரைப்படங்களில் நாம் காணும் முதல் நூற்றாண்டுப் பட்டைக் கவசம். செபஸ்தியார் காலத்துப் படைவீரர் நீண்ட கைவைத்த அங்கியும் காற்சட்டையும், சங்கிலிப் பின்னல் கவசமும், நீண்ட வாளும் உடையவர். அது நம் விண்ணப்பதாரர் எவர் கண்ணையும் உறுத்தியதில்லை. கொண்டை மட்டும் உறுத்துகிறது. உறுத்துவது வரலாற்றுப் பிழை அன்று. நம் சொந்த முகம்தான்.

இன்னும் ஒன்று. திருத்தூதர் யாக்கோபு யார்? கலிலேயக் கடலில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த மீனவர். கி.பி. 844இல் நடந்ததாகச் சொல்லப்படும் கிளாவிகோ போர்க் கதையை வைத்து, ஸ்பெயின் நாட்டார் அவரைக் குதிரையில் ஏற்றி, கையில் வாள் கொடுத்து, குளம்படியில் மூர் இனத்தவரைக் கிடத்தினர். அப்படியொரு போர் நடந்ததை இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. மீனவரைப் படைவீரராக்கினார்கள், படைவீரரான செபஸ்தியாரின் படைக்கோலத்தையோ களைந்துவிட்டார்கள். குதிரைமேல் அமர்ந்த சந்தியாகப்பரை நாம் கேள்வியின்றி வணங்குகிறோம். மக்களின் அந்தப் பக்தியை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் மாற்றமே ஆகாது என்போர், எந்த மாற்றம் உண்மையைக் காக்கிறது, எது உண்மையைக் கொல்கிறது என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

திருச்சபை என்ன சொல்கிறது? உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் ஆளையே சேர்கிறது என்று 787இல் இரண்டாம் நிசேயா சங்கம் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே பிளாஸ்டரின் பூர்வீகத்தை ஆராய்வதில் பொருளில்லை. நகரத்துச் சுரூபமும் அச்சில் வார்த்த அதே பிளாஸ்டர்தானே? எந்தக் கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதென வைத்துக்கொண்டதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அறிவித்தது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிறுத்திவிட்டார். நம் மலையடிவாரத் திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் கண்ட பிரிந்த சபைச் சகோதரர்கள், தங்கள் ஆலயத்தைத் தமிழ்க் கோவில் சாயலிலேயே கட்டினார்கள். நாமோ இன்னும் கொண்டைக்கு அஞ்சிக்கொண்டிருக்கிறோம்!

பழங்கல்லைத் தொடாதீர்

இவ்வளவும் படித்துச் சிலர் உற்சாகம் கொள்ளக்கூடும். "அப்படியானால் அந்த நடுகல்லையே செபஸ்தியார் ஆக்கிவிடலாமே, வண்ணம் பூசி ஒரு சிலுவை வரைந்தால் போதுமே" என்று நம்மிடம் ஒருவர் கேட்டேவிட்டார். கோவில்களை இடிக்காமல் தூய்மைப்படுத்திப் பயன்படுத்துக என்று 601இல் பெரிய கிரகோரியார் இங்கிலாந்துப் பணியாளருக்கு எழுதியதையும் எடுத்துக்காட்டினார்.

அவருக்கும் நம் மறுமொழி இல்லை என்பதே. முன்னதைவிட உறுதியான இல்லை. கிரகோரியார் பேசியது, மனந்திரும்பிய மக்கள் தங்கள் சொந்தக் கோவிலை என்ன செய்வது என்பதைப் பற்றி. நடுகல்லோ ஒருவனின் சாவுக்கு நட்ட சாட்சி. அவன் பெயர் அதில் இருக்கிறது. இன்றும் இப்பகுதி மக்கள் பலர் அதை வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். இன்னொருவனின் பெயரை அழித்து நம் புனிதரின் பெயரை எழுதுவது நற்செய்தி அறிவிப்பன்று, திருட்டு. மாடு திருட வந்தவரை எதிர்த்து மாண்டவனின் கல்லையே திருடுவதா? எழுத்தின்மேல் எண்ணெயும் வண்ணமும் சிமெண்டும் ஏறி, படிக்கமுடியாமற் போன கற்கள் ஏற்கெனவே உண்டு. அந்தப் பட்டியலை நாம் நீட்ட வேண்டாம். 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொல்சின்னச் சட்டமும் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி அன்று, அயலான் முன்னோர் மீது கொண்ட மரியாதையால் நாம் விலகி நிற்க வேண்டும். நம் இளைஞர் அந்தக் கல்லின்மீது ஒரு கோடும் கிழிக்கவில்லை. பார்த்தார், கற்றார், வீட்டுக்குப் போய் உடைந்த பொம்மையில் செய்தார். அதுவே நேர்மையான வழி.

மாற்றம் யாருக்கு?

கடைசியாக ஒன்று. நடுகல் வீரனும் வேதசாட்சியும் ஒருவரே என்று நாம் சொல்லவில்லை. வீரன் ஆயுதத்தோடு வீழ்ந்தான். சாட்சி ஆயுதமின்றி நின்றார். வீரன் கொன்று காத்தான். சாட்சி கொல்லாமல் செத்தார். மந்தைக்காக உயிரைக் கொடுத்தவன் நல்லாயனின் அருகில் நிற்கிறான் என்பது உண்மை. ஆனால் அருகில் நிற்பதும் அவராவதும் வேறு. இந்த வேற்றுமையை அழித்தால் நடுகல்லுக்கும் துரோகம், நற்செய்திக்கும் துரோகம்.

நம் இளைஞர் இறையியல் படித்தவரல்லர். ஆயினும் அந்த வேற்றுமையை அவர் கைகள் அறிந்திருக்கின்றன. நடுகல்லிலிருந்து கொண்டையை எடுத்தார், அம்புகளை எடுத்தார், நிமிர்ந்த மார்பை எடுத்தார். வாளை மட்டும் கையில் கொடுக்கவில்லை; உறையிலிட்டுப் பாதத்தருகே வைத்தார். ஏன் என்று கேட்டோம். "அவருதான் இனிமே அடிக்கமாட்டாரே சாமி" என்றார். கிறிஸ்துவின் கல்லறையைக் காவல்காத்த கூலிப்படையாள், கிறிஸ்துவுக்குச் சாட்சியாக மாறிவிட்டான். நாம் ஆண்டுதோறும் தவக்காலத்தில் பிரசங்கம் செய்கிற மனமாற்றம் இதுவன்றி வேறென்ன?

அன்பர்களே, விண்ணப்பத்துக்கு நம் விடை இதுதான். நகரத்துச் சுரூபத்துக்கென எடுத்துவைத்த பணத்தில் அந்த இளைஞருக்கு ஒரு நல்ல அரமும் தூரிகைகளும் வாங்கித் தாருங்கள். உங்கள் பிள்ளைகளை அவரிடம் அனுப்புங்கள். கொல்லை மேட்டுக் கல்லைச் சுற்றியுள்ள முட்செடியை ஒருநாள் சேர்ந்து அகற்றுவோம். கல்லைத் தொடாமல் அகற்றுவோம். அடுத்த சனவரி 20இல் அந்த ஒரு சாண் வீரர் மறுபடியும் ஒற்றையடிப் பாதையில் ஏறுவார். சப்பரத்துக்குத் தோள் கொடுக்க இருவர் வேண்டும். கையெழுத்திட்டவர்களிலிருந்தே அவ்விருவரும் வந்தால், அந்தப் பொம்மையில் தொடங்கிய மாற்றம் நம்மிலும் தொடங்கியது என்று நாம் நம்புவோம்.