தெரியாது என்றால் மதிப்பெண் இல்லை

இங்கே அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்தார்கள். 'நீ ஒரு தொல்லியலாளர். ஆஸ்டெக்குகளுக்கு முந்தைய நாகரிகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அகழாய்வு அறிக்கை எழுது.' அவன் மெக்சிகோவின் தியோத்திவாக்கானை எடுத்துக்கொண்டான். அட்டையில் பிரமிடு, களிமண்ணில் முகமூடி என்று ஒரு வாரம் வீடே மண்ணாகக் கிடந்தது. எனக்குச் சந்தோஷம்தான்.

படிவத்தில் ஒரு கேள்வி: 'இந்நகர மக்கள் தங்கள் நகரத்தை எப்படி அழைத்தார்கள்?' பையன் 'தெரியாது' என்று எழுதினான். இரண்டு மதிப்பெண் போச்சு. பக்கத்தில் சிவப்பு மையில் 'தியோத்திவாக்கான்' என்று திருத்தம்.

"நான் எழுதினது தப்பாப்பா?"

"இல்லடா. நீ எழுதினதுதான் சரி."

தியோத்திவாக்கான் என்பது ஆஸ்டெக்குகளின் நாவாட்ல் மொழிச் சொல். நகரத்தின் மையம் எரிந்தது ஏறத்தாழ பொ.ஆ. 550இல். ஆஸ்டெக்குகள் தங்கள் தலைநகரை நிறுவியதாகச் சொல்லப்படுவது 1325இல். நடுவில் 700 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இடிபாடுகளைப் பார்த்தவர்கள் வைத்த பெயரை, அங்கே வாழ்ந்தவர்கள் வாயில் திணிக்கிறோம். அந்த மக்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதிலேயே அறிஞர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. நகரின் நடுவே ஓடும் பெருவீதிக்கு 'மரித்தோர் வீதி' என்று பெயர். அதுவும் ஆஸ்டெக்குகள் வைத்ததுதான். இருபுறமும் இருந்த மேடுகளைக் கல்லறைகள் என்று நினைத்துவிட்டார்கள். அவை கல்லறைகள் அல்ல, கட்டடங்கள். தவறான ஊகம் ஒன்று இன்றும் பெயராக நிலைத்து நிற்கிறது.

பிள்ளைகளைத் தொல்லியலாளராக நடிக்க வைப்பதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. நடிக்கச் சொல்லிவிட்டு, அந்த வேடத்துக்கு உயிரான ஒரே வசனத்தைப் பிடுங்கிக்கொள்கிறீர்களே, அதுதான் என் சண்டை. ரெனே மில்லனின் குழு 1960களில் என்ன செய்தது? புதையல் தேடவில்லை. ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்பை நடந்தே அளந்து, தரையில் கிடந்த பானை ஓடுகளைப் பொறுக்கிக் குறித்துக்கொண்டது. அந்த வரைபடம் 1973இல் வெளியான பிறகுதான், சுமார் 2000 அடுக்ககத் தொகுதிகளில் ஒரு லட்சம் பேர் வரை வாழ்ந்த ஊர் அது என்ற சித்திரம் துலங்கியது. மன்னர்களின் பெயர் தெரியாமலே சாமானியர்களின் வீடுகளைக் கண்டுபிடித்தார்கள். எது தெரியாது என்று தெரிந்திருந்ததால் எதைத் தேடுவது என்றும் தெரிந்திருந்தது.

"சின்னப் பசங்க சார், இதுக்குப் போய் இவ்வளவு அலட்டலா?" என்று கேட்பீர்கள். சின்னப் பசங்க என்பதால்தான் அலட்டல். கோடிட்ட இடத்தை எதைக்கொண்டாவது நிரப்பியே ஆகவேண்டும் என்று பழகிய பிள்ளைதான், வளர்ந்தபின் பிரமிடைக் கட்டியவர்கள் வேற்றுக்கிரகவாசிகள் என்று காணொளி போடுகிறது. கல் சுமந்த மனிதர்களின் உழைப்பு அங்கே இரண்டாம் முறை களவு போகிறது.

ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டுப் படிவத்தில் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடச் சொன்னேன்: 'இது உனக்கு எப்படித் தெரியும்?'