தம் நாவிற் பாடியோர்

ஓர் இசைக்குழுவின் பெருமையை, அதன் இசைத்தட்டுகள் எத்துணை விலைபோயின என்பது கொண்டே அளக்கின்றனர் பலர். அவ்வளவுகோல் கொண்டு நோக்கின், 1970-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் எழுந்து 1975-இல் கலைந்துபோன ‘கில்பர்ன் அண்ட் தி ஹை ரோட்ஸ்’ என்னும் குழு எண்ணப்படும் தகுதியுடையதன்று. தோற்ற குழு என்றே அதனைக் கூறுவாரும் உளர். யான் அவரோடு உடன்படேன்.

இக்குழுவினர் பெரிதும் பாடிய இடம் மதுச்சாலை. அச்சொற் கேட்டவுடனே நம்மவருட் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். ஆயின் இங்கிலாந்தில் ‘பப்’ என்பது குடிக்குமிடம் மட்டுமன்று. அண்டை அயலார் மாலையிற் கூடி அளவளாவும் பொதுமனையுமாம். அக்காலத்து ராக் இசையோ பேரரங்குகளையும் பெருங்கருவிகளையும் நாடிச் சென்று, கேட்போர்க்குச் சேய்மையதாகிவிட்டது. இந்நிலையில், 1971-இல் லண்டனின் கென்டிஷ் டவுன் பகுதியிலுள்ள ‘டாலி ஹோ’ என்னும் மதுச்சாலையில் ‘எக்ஸ் ஓவர் ஈஸி’ என்ற அமெரிக்கக் குழுவினர் பாடத் தொடங்கினர். பிறரும் அவ்வழிச் சென்றனர். ‘பப் ராக்’ என்னும் பெயர் இங்ஙனம் எழுந்த இசைக்கே உரியது. அங்கே பாடுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையே சில அடித் தொலைவே உண்டு. அத்துணை அண்மையில் பொய்க்குரல் நெடும்பொழுது நில்லாது.

குழுவின் தலைவர் இயன் டூரி 1942-இற் பிறந்தவர். ஏழாம் அகவையில் இளம்பிள்ளைவாதம் பற்றியதால் இடக்கையும் இடக்காலும் மெலிந்தன. ஓவியம் பயின்று, கான்டர்பரி ஓவியக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். கிதார் இசைத்த கீத் லூகாஸும், பேஸ் கிதார் இசைத்த ஹம்ப்ரி ஓஷனும் அவர்தம் மாணாக்கரே. ஆசிரியர் பாட மாணாக்கர் இசைத்த அக்காட்சி கல்லூரி வாழ்வினராகிய நமக்கு உவப்பளிப்பதன்றோ! முரசறைந்த டேவிட் ரோஹமன் கயானா நாட்டினர். ஊன்றுகோல் கொண்டு நடப்பவர். வடமேற்கு லண்டனிலுள்ள கில்பர்ன் ஹை ரோடு என்னும் தெருவின் பெயரையே சிறிது திரித்துக் குழுவிற்குச் சூட்டினர்.

இனி, யான் சிறப்பாகக் கூறக் கருதியது அவர்தம் மொழி. ராக் இசை அமெரிக்காவிற் பிறந்தது. ஆதலின் ஆங்கில நாட்டுப் பாடகரும் வாய்திறந்து பாடுங்கால் அமெரிக்கர்போல் ஒலித்தலையே வழக்காகக் கொண்டனர். ‘கிங்க்ஸ்’ குழுவினர் போல்வார் சிலரே விலக்கு. டூரியும் ஜீன் வின்சென்ட் என்னும் அமெரிக்கப் பாடகரிடத்துப் பேரன்புடையவர்தாம். எனினும் அவர் குரலைக் கடன்கொள்ளாது, லண்டனிலும் எசெக்ஸிலும் எளிய மக்கள் பேசும் பேச்சிலேயே பாடினார். மொழிபயிலும் மாணவனாகிய எனக்கு, இஃது இசைத்தட்டு விற்பனையினும் பெரிதாகத் தோன்றுகின்றது.

‘அதுவும் வேடமே, அவர் தாயார் மருத்துவர் ஒருவரின் மகள், நன்கு கற்றவர், அவ்வீட்டில் அப்பேச்சு ஏது?’ என்று வினவுவர் சிலர். வினா தக்கதே. ஆயின் அவர் தந்தையார் பேருந்து ஓட்டியவர் என்பதனை அன்னார் மறந்தனர். தாய்வழியும் தந்தைவழியும் வந்த இரு நடைகளுள் ஒன்றைத் தேர்தல் வேடமாகாது. கடல்கடந்த நாட்டான் ஒலிப்பை மேற்கொள்ளுதலே வேடம்.

நிற்க. குழுவினர்க்கு நற்காலம் வாய்க்கவில்லை. 1973-இல் புகழ்மிக்க ‘தி ஹூ’ குழுவினரின் இசைப்பயணத்தில் முன்னிசை இசைத்தனர். ‘ராஃப்ட்’ நிறுவனத்திற்காக இசைத்தட்டொன்று பதிவு செய்தனர். அந்நிறுவனம் மூடப்பெறவே, அது வெளிவராது கிடந்தது. பின்னர் ‘டான்’ நிறுவனம் 1975-இல் ‘ஹேண்ட்சம்’ என்னும் தட்டினை வெளியிட்டது. அதில் அவர்தம் கரடுமுரடெல்லாம் இழைத்துத் தேய்க்கப்பட்டுவிட்டது என்பது என் துணிபு. அவ்வாண்டே குழு கலைந்தது.

ஓஷன் ஓவியரானார், அவர் தீட்டிய கவிஞர் லார்கினின் உருவப்படம் லண்டன் தேசிய உருவப்படக் கூடத்திற்கு உரியதாயிற்று. டூரி அதே பேச்சில் தொடர்ந்து பாடி, 1977-இல் ‘நியூ பூட்ஸ் அண்ட் பேண்டீஸ்’ என்னும் தட்டினாற் பெரும்புகழ் எய்தினார். பின்வந்த ‘மேட்னஸ்’ குழுவினர் தாம் கில்பர்ன் குழுவினர்க்குக் கடப்பாடுடையோம் என்பதை மறைத்திலர். வெளிவராது கிடந்த அம்முதற் பதிவோ, டூரியின் பெயர் நாடெங்கும் பரவிய பின்னர், 1978-இல் ‘வாட்டபஞ்ச்’ என்னும் பெயருடன் கடைக்கு வந்தது.