சாவி கொடுக்கும் கைக்கடியாரம்

கிள்ளையினின்று யான் கல்லூரிக்குப் புறப்பட்ட நாளில், என் தந்தையார் தம் கையினின்று கழற்றி என் கையிற் கட்டியது ஒரு ‘ஜனதா’ கைக்கடியாரம். பிச்சாவரத்துக் கழிகளில் அவர் படகு செலுத்திய காலமெல்லாம், வெயிலிலும் உப்புக்காற்றிலும் அஃது அவருடன் உழைத்தது. நாடோறும் காலையில் சாவி கொடுப்பார். சில ஆண்டுகட்கொருமுறை சிதம்பரத்தில் ஒரு கடியாரக்காரரிடம் கொடுத்துத் துடைத்து எண்ணெயிடச் செய்வார். அதற்கு வேண்டிய உபசாரம் அவ்வளவே.

எச்.எம்.டி. ஸ்தாபனத்தார், ஜப்பானிய ஸிடிஸன் கம்பெனியாரின் துணைகொண்டு, 1961-ஆம் ஆண்டில் பெங்களூரில் கடியாரத் தொழிலைத் தொடங்கினர். குமாஸ்தாவும் உபாத்தியாயரும் வாங்கத்தக்க விலையில், பழுதுற்றால் சீர்செய்து பல்லாண்டு அணியத்தக்க கடியாரங்கள் அங்கிருந்து வந்தன. 1969-இல் ஜப்பானிய ஸெய்கோ கம்பெனியார் குவார்ட்ஸ் கைக்கடியாரத்தை வெளியிட்டனர். 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் கூடி நிறுவிய டைட்டன் கம்பெனி, ஓசூரினின்று அவ்வகைக் கடியாரங்களை நாடெங்கும் பரப்பிற்று. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் கம்பெனியை மூட மத்திய அரசு இசைந்தது.

இதன்பொருட்டு எவரையும் பழித்தல் தகாது. வினாடிக்கு 32,768 முறை அதிரும் படிகம், ஐந்து முறையே துடிக்கும் சக்கரத்தினும் பிழையின்றி நேரங்காட்டுதல் இயல்பே. கைப்பேசி உள்ளவர்க்கோ கடியாரமே வேண்டுவதில்லை. எனினும் இம்மாறுதலில் நடுத்தரமான பொருளொன்று நம்மைவிட்டு நீங்கிற்று. இன்று சாவிக் கடியாரம் பெரும்பாலும் செல்வரின் அணிகலன். எளியோர்க்குக் கிடைப்பது, நின்றுவிட்டால் எறிந்துவிடும் பண்டம். அதனோடு அதைச் சீர்செய்யும் கைத்திறனும் அழிகின்றது.

சென்ற ஆண்டு அதே கடியாரக்காரரைக் கண்டேன். “தம்பி, கை இன்னும் நடுங்கவில்லை, உறுப்புகள்தாம் கிடைப்பதில்லை. ஒரு கடியாரம் ஓட, மற்றொன்றைப் பிரிக்கவேண்டியிருக்கிறது. என் மகனும் இத்தொழிலுக்கு வரவில்லை” என்றார். கூலி சிறிதே பெற்றுக்கொண்டார்.

மாணவ நண்பர்காள்! பழைய கடியாரத்தை மீட்கவேண்டுமென்று யான் கூறவில்லை. யாதொரு பொருளை வாங்கும்போதும், விலையோடு, “இதனைத் திறந்து சீர்செய்ய இயலுமா? உறுப்புகள் கிடைக்குமா?” என்றும் கேளுங்கள். உங்களுள் நாளை இயந்திரங்களை அமைக்கப் போகின்றவர்கள், ஊர்க் கடைத்தெருவில் ஒரு தொழிலாளி திறந்து பார்க்கக்கூடியவாறு அவற்றை அமையுங்கள். எளியவன் தன் உழைப்பின் பணத்தால் வாங்கிய பொருள், அவன் மகன் கைக்கும் உதவவேண்டுமன்றோ?